வுடட்டா மேஸ்திரி?

இது சத்தியமாக நடந்தது. நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் சிட்லபாக்கத்துக்குப் போய் வில்பிரட்டைச் சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். மேல்வரிசை முன்பல் பாதிதான் இருக்கும். மிச்சப் பாதி எங்கே போனது என்பதுதான் விஷயம்.

1971, ஜூன் 12, சனிக்கிழமை. தாம்பரம் பக்கம் ஒரு மிஷன் ஹாஸ்டல். மைதானத்துப் புல்லை வெட்ட, மேலே உட்கார்ந்து ஓட்டும் டீசல் மிஷின் ஒன்று அங்கே இருந்தது. அதற்கு மெக்கானிக்காக வில்பிரட் சேர்ந்து ஒரு வாரம். "இன்னிக்கு சர்வீஸ் முடிச்சு, சாயங்காலம் புல்லு வெட்டிக் காட்டுங்க. திங்கட்கிழமை வேலை பெர்மனெண்ட்" என்று வார்டன் சொல்லியிருந்தார். மூன்று பிள்ளைகளோடு நிரந்தர வேலை இல்லாமல் அல்லாடிய மனிதர். இதைவிட என்ன வேண்டும்?

காலை 11.20, மிஷின் ஷெட். சூடானால்தான் பழைய எண்ணெய் கசடோடு இறங்கும். அதனால் முதலில் எஞ்சினைக் கிளப்பினார். வில்பிரட் ஹேண்டிலைப் போட்டுச் சுழற்ற, சுற்றுவது லேசாக இருக்க வாட்ச்மேன் கிட்டு எஞ்சின் தலையில் உள்ள லீவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வுடட்டா அண்ணா?"

"வுடு!"

கிட்டு லீவரை விட்டதும் எஞ்சின் தடதடவென்று பிடித்துக்கொண்டது.

பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, கறுப்பு எண்ணெயைத் தகர டின்னில் இறக்கினார். ஃபில்டரைக் கழுவினார். புது எண்ணெய் ஊற்றினார். அடியில் இருக்கும் பிளேடைக் கழற்றித் தீட்டுவதுதான் பாக்கி.

12.00. சங்கு ஊதியது. கிட்டு சாப்பாட்டுத் தூக்கை எடுத்தார். ஆனால் கிளம்பாமல் நின்றார்.

"உச்சி வேளைல தனியா மிஷினு அடியில பூந்துடாத அண்ணா. தொணைக்கு இருக்கட்டா?"

"வுடுப்பா. பட்டப்பகல்ல பேயாவது பிசாசாவது. அதுங்களுக்கும் சாப்பாட்டு நேரம்தானே? நீ போய்ட்டு வா."

மிஷினின் முன்பக்கத்தைச் செங்கல் மேல் ஏற்றி, மல்லாந்து உள்ளே நகர்ந்தார். அடியில் போகிறவன் ஹேண்டிலைக் கையோடு எடுத்துப் போகவேண்டும். தெரியாமல் யாராவது சுழற்றிவிட்டால்? அதைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எஞ்சினோடு சேர்த்துப் பிளேடைச் சுழற்றும் பெல்ட்டை மட்டும் அவர் கழற்றவில்லை. அவசரம். கழற்றிய நட்டு தொலைந்துவிடாமல் பல்லில் கடித்துக்கொண்டார்.

12.10. டீசல் வாடையோடு பீடி வாடை வந்தது. கிட்டு பீடி குடிப்பதில்லை.

12.12. மூக்குக்கு நேர் மேலே பிளேடு அசைந்தது. ஓர் அங்குலம். காற்றா? இரும்பைக் காற்று அசைக்குமா?

சளக்... சளக்...

யாரோ ஹேண்டில் போட்டுச் சுழற்றும் சத்தம்.

ஹேண்டில் அவர் தலைக்கு அடியில் இருந்தது.

பிளேடு முகத்தைத் தாண்டிப் போனது. மறுபடி வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக...

பக்கத்தில் இரண்டு வெறுங்கால்கள். பாதமெல்லாம் வெட்டிய பச்சைப் புல். அந்த மாதம் யாரும் புல் வெட்டவே இல்லை.

"வுடட்டா மேஸ்திரி?"

பணிவான குரல். அங்கே அவரை யாரும் மேஸ்திரி என்று கூப்பிட்டதில்லை.

வேண்டாம், வுடு... என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. பல்லில் நட்டு. பேச்சு வரவில்லை.

சளக்... சளக்... சளக்...

"வுடட்டா?"

பயத்தில் கடித்த கடியில் பல் டிக்கென்று உடைந்தது. உயிர் போகும் பயம். எப்படி வெளியே உருண்டார் என்று அவருக்கே தெரியாது.

ஷெட்டில் யாரும் இல்லை.

லீவர் மட்டும் மேலே தூக்கியபடி நின்றது.

12.40. கிட்டு வந்தார். வில்பிரட்டின் வாயில் ரத்தம். கையில் நட்டு.

"கேட்டானா?"

வில்பிரட் தலையை மட்டும் ஆட்டினார்.

"பொன்னுசாமிண்ணா. தோட்டக்காரன். மூணு வருசம் ஆச்சு. சவுரிமுத்து மேஸ்திரி அடியில படுத்துகினு இருந்தாரு. இவன் ஒத்தையாளா சுத்திகினே 'வுடட்டா'ன்னான். வேணாம், கம்னு இருன்ற அர்த்தத்துல அவரு 'வுடு'ன்னாரு. இவன் லீவரை வுட்டுட்டான். மேஸ்திரி அங்கியே போய்ட்டாரு. அன்னிக்கே போய் ரயில்ல வுழுந்தான்."

"அப்ப இந்த வேலை மூணு வருசமா காலியாவா இருந்துச்சு?"

"இல்லண்ணா. நடுவுல ரெண்டு பேர் வந்தாங்க."

"அவங்க?"

கிட்டு அவர் உள்ளங்கையில் இருந்த நட்டையே பார்த்தார்.

"அவங்க வாயில நட்டு இல்ல."