சுவரைப் பார்த்துக் கதைத்தவர்

நெல்லியடியில் போன் திருத்தும் கடை வைத்திருந்தவர் மெலிந்த மனிதர். வந்தவர்கள் போனைத் திறந்தால், அதில் இருப்பது கண்ணில் படாதபடி உடனே சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார்.

மூன்று வயதாகியும் மகன் கதைக்காததை ஒருவருக்கும் சொல்லாமல், போனில் தேடித் தேடி வாசித்திருந்தேன். அதே போனை மாமி வாங்கி, ஒரு மரண அறிவித்தலைப் பார்த்தபோது, பக்கத்தில் பேச்சுப் பயிற்சி விளம்பரம் வந்து நின்றது. "பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டார். மகனையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். விளம்பரம் துரத்துகிறது என்று மட்டும் சொன்னேன்.

"குக்கீஸுக்குச் சம்மதமோ எண்டு கேக்கேக்கை ஆர் ஓம் எண்டு அமத்தினது, தங்கச்சி?"

"நான்தான். அமத்தினாத்தானே வாசிக்க விடுகினம்."

"அப்பவே விளம்பரக்காரர் உங்கடை போனிலை குக்கீஸ் எண்டு ஒரு சின்னக் குறிப்பு வைச்சிடுவினம். பிறகு வேறை பக்கத்துக்குப் போனாலும் அதை வைச்சு உங்களை இன்னார் எண்டு மட்டுக்கட்டுவினம்."

சுவரைப் பார்த்தபடியே வழி சொன்னார். செற்றிங்ஸுக்குள் போய், இருந்த குக்கீஸை நானே அழித்து, விளம்பரக்காரரின் குக்கீஸ் இனி வராமல் தடுத்தேன்.

புறப்படும்போது சொன்னார்: "யோசியாதேங்கோ தங்கச்சி. என்ரை மகளும் நாலு வயசிலைதான் கதைச்சவள்."

அவர் போனைப் பார்த்தாரா, அவ்வளவு நேரமும் சத்தமில்லாமல் தோளில் கிடந்த என் மகனைப் பார்த்தாரா? தெரியாமல், இன்றும் அந்தக் கடை வந்தால் வீதியின் மறுபக்கத்தால் நடக்கிறேன்.