ஐயன் பராட்டா

முகர்ந்து பார்க்காமல் மக்கீன் நானா எதையும் கையில் வாங்குவதில்லை. கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் முதலில் மூக்குக்குக் கொண்டுபோவார். பிறகுதான் மாப்பிள்ளை யார் என்று கேட்பார். மாத்தளைக் கடைத்தெருவில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற ஒரு கடையில் சரக்குப் பார்ப்பது அவர் தொழில். தோட்டங்களிலிருந்து சாக்குச் சாக்காக வந்து இறங்கும். இது எடுக்கலாம், இது ஆகாது என்று நானா சொல்லிவிட்டால் முதலாளியும் மறுபேச்சுப் பேசமாட்டார்.

மற்றவர்கள் பேனா குத்துகிற சட்டைப்பையில் அவர் குத்தூசி வைத்திருப்பார். சாக்கின் தையலைப் பிரிக்காமல் உள்ளே குத்திக் கொஞ்சம் சரக்கை வெளியே எடுக்கிற, குழிவான பித்தளை ஊசி அது. சாக்கின் மேல் பக்கம் குத்தமாட்டார், அடியிலும் குத்தமாட்டார். "மேல ஈக்கிறது காட்டுறதுக்கு. அடியில ஈக்கிறது மறைக்கிறதுக்கு. நடுவுல ஈக்கிறதுதான் தம்பி சரக்கு" என்பார். இந்த ஞானத்தை மிளகோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கு என்ன வம்பு? மனிதர் பத்திரிகையையே நடுப்பக்கத்திலிருந்துதான் படிப்பார். பஸ்ஸில் நடு சீட் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ் வரும்வரை நிற்பார்.

போன வருஷம், எண்பத்தொன்பதில், அலுவிகாரைப் பக்கம் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தபோது ஒரு சிப்பாய் அந்தக் குத்தூசியைப் பிடித்துக்கொண்டு இது என்ன ஆயுதம் என்று கேட்டானாம். வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டுவது மேல் என்று நானா காவலரணுக்கு அடுக்கியிருந்த மணல் மூட்டையில், அதுவும் பார்த்துப் பார்த்து நடு மூட்டையில், ஒரு குத்துக் குத்தி, மணலை உள்ளங்கையில் ஏந்தி, முகர்ந்து, ஈரம் கூடுதலாக இருக்கிறது மாத்தயா என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு உயிர் போய்விட்டது. நல்ல காலம், சிப்பாய் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு நானாவைக் கண்டால் அவன் தன் உள்ளங்கையை முகர்ந்து காட்டி வழி விடுவானாம்.

எனக்கு அவர் கடைக்கு எதிரில் ரெக்கோடிங் பார். வெற்றுக் கசட்டைக் கொண்டுவந்து, வேண்டிய பாட்டைச் சொன்னால் பதிந்து கொடுப்பேன். நானாவுக்குப் பாட்டு வாசனையே கிடையாது. என் கடைக்கு வருவதெல்லாம் மனைவி கைறுன்னிஸா தாத்தாவின் கடிதத்தை வாசித்துக் காட்டத்தான். எங்கள் பக்கம் அண்ணன் என்றால் நானா, அக்கா என்றால் தாத்தா. இரண்டு வருஷத்துக்கு முன் தாத்தா வீட்டு வேலைக்கு றியாத்துக்குப் போனார். இவர்களுக்குப் பிள்ளை இல்லை, கட்டத் தொடங்கின வீடு கூரை இல்லாமல் நின்றது, அதற்காகப் போனார். கடிதங்களில் சலாமும் சீமெந்தும்தான் இருக்கும். ஒன்றில் மட்டும் இப்படி எழுதியிருந்தார்: "இந்த ஊட்டு மூத்த மகன் விடிஞ்சாப் பொழுதுபட்டா ஐயன் பராட்டா போடுறான். முந்தி எனக்குத் தலயிடி வந்த. இப்ப அந்தச் சத்தம் கேக்காட்டி நித்திர வருதில்ல."

பராட்டா போடுவது என்றால் பராட்டா போடுவதுதானே. சத்தம் என்றால் கொத்துப் பராட்டா. இரும்புக் கல்லில் இரண்டு தகடுகளை வைத்து 'டக டக டக' என்று கொத்துகிற சத்தத்தை ஊரில் யார் அறியாதவர்? அரபி வீட்டுப் பிள்ளைக்கும் என்ன கஷ்டமோ, பாவம், பராட்டா போட்டுப் பிழைக்கிறது என்று நானா கவலைப்பட்டார். ஐயன் என்பது கடையின் பெயராக இருக்கும் என்று முடிவு சொன்னது நான். எனக்குத்தான் புத்தி எங்கே போயிருந்ததோ!

அன்றிலிருந்து அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு பஸ் நிலையத்தடி கொத்துக் கடைக்குப் போக ஆரம்பித்தார். கொத்து வாங்கமாட்டார், பராட்டா அவர் வயிற்றுக்கு ஆகாது. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மேசையில் விரலால் தாளம் போடுவார். கடைகளை மூடச் சொல்லிக் கிளர்ச்சிக்காரர்கள் சுவரில் துண்டு ஒட்டின நாட்களிலும் போய், பூட்டின கதவுக்கு முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டு வருவார். இதென்ன பைத்தியம் நானா என்று கேட்டேன். "அவ அங்க கேக்குறா. நான் இங்க கேக்குறன். வேற என்ன செய்ய ஏலும்?" என்றார். நான் அப்போது சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

குட்டு உடைந்தது போன மாதம். வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் வந்து அயன் பெரட்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். அது ஓர் இங்கிலாந்து ரொக் குழு. எழுபதுகளில் கொடிகட்டிப் பறந்தவர்கள். நானும் உற்சாகமாக, அயன் பெரட்ஸ் ஏழு அல்பமும் இருக்கிறது என்று உரக்கச் சொன்னேன். வாசலில் உள்ளங்கை நிறைய மிளகோடு நின்ற மக்கீன் நானாவின் கை விரிந்துவிட்டது. மிளகு என் கடை முழுக்க உருண்டது. இரும்புக் கிளிகள் என்று அர்த்தம் சொன்னேன். அவர் காதில் அது விழவில்லை.

"அப்ப நான் ஒரு வருசமா பிழையான கடைக்குப் போயிருக்கன்" என்றார்.

கைறுன்னிஸா தாத்தா அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. அவர் வீட்டுக்குள் கால் வைக்கிறபோது அந்தப் பாட்டு ஓட வேண்டும், அவ்வளவுதான் நானாவின் ஆசை. எந்த அல்பம் வேண்டும் என்று கேட்டேன். "எங்கட கலியாணத்துக்கு ஒரு போட்டோதான் எடுத்த. அல்பம் இல்ல" என்றார். தலையில் அடித்துக்கொண்டு ஏழு இசைத்தட்டுகளையும் எடுத்து மேசையில் பரப்பினேன். ஏழையும் பதிந்து தருகிறேன், தாத்தாவே எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். அதற்கும் மனிதர் சம்மதிக்கவில்லை. முதல் சாக்குப் பிழையாகப் போனால் இரண்டாவது சாக்கை யாரும் திறக்கமாட்டார்களாம்.

பிறகு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "ரெண்டு வருசம் தம்பி. வந்து உக்காந்த ஒடன என்ன பேசுறதெண்டு வெளங்குதில்ல. அது ஓடினா நான் ஒண்டும் பேசத் தேவல்ல."

தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுழலவிட்டேன். மூன்று நாள் என் பிழைப்பு நாறிப்போனது. ஒவ்வொரு தட்டின் உறையையும் முகர்ந்தார். பாட்டைத் தொடக்கத்திலிருந்து போட விடமாட்டார். "நடுவுல வைங்க" என்பார். நான் ஊசியை நடுவில் வைப்பேன். அவர் கண்ணை மூடி, பெருவிரலால் சுட்டுவிரலைத் தேய்த்து, மிளகுக்குச் சொல்கிற அதே தீர்ப்பைச் சொல்வார். முதலாவது அல்பம் நன்றாகக் காயவில்லை. ஐந்தாவது, உலகமே கொண்டாடுகிற ஐந்தாவது, "பொக்கு; தண்ணியில போட்டா மிதக்கும்". புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஐந்தாவதைத்தான் கொடுக்க வேண்டும், இது என் பதினொரு வருஷ அனுபவம் என்று நான் நெஞ்சைத் தட்டினேன். என் அனுபவத்தை அவர் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாலாவதை மட்டும் முதல் நாளே மேசையிலிருந்து நைசாக எடுத்து ஒளித்துவிட்டேன். அதை அந்தக் குழுவின் வெறியர்கள்கூடத் தொடமாட்டார்கள். பாடகனும் கிட்டார்க்காரனும் சண்டை பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட, ட்ரம் அடிக்கிறவன் தனியாக இருந்து பதினாறு நிமிஷம் சாத்தியிருக்கிறான். முதல் பக்கத்தில் தொடங்கின சாத்து இரண்டாம் பக்கத்தில் போய்த்தான் ஓயும். ஆனால் ஏழுக்கு நடு நாலு என்று எண்ணத் தெரிந்தவரிடம் எத்தனை நாள் ஒளிப்பது? எடுத்துப் போட்டேன்.

டக டக டக. டக டக. டக.

நானா கண்ணைத் திறந்தார். கண் கலங்கியிருந்தது. "இதுதான் தம்பி" என்றார். "நான் பிழையான கடைக்குப் போகல்ல."

வேண்டாம் நானா, இதைப்போல ஒரு மட்டமான அல்பம் கிடையாது, என் கடைப் பெயர் கெட்டுவிடும் என்று கெஞ்சிப் பார்த்தேன். கசட்டை நீட்டிக்கொண்டு நின்றார். பதிந்து கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். என் கடையின் பழைய கசட் செட்டைக் கொண்டுபோய், ட்ரம் தொடங்குகிற இடத்துக்குக் கசட்டைச் சுற்றி, வாசலோரம் வைத்திருந்தேன். வேன் வந்து நின்றது. கைறுன்னிஸா தாத்தா மெலிந்திருந்தார். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. புதுக்கூரையை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். நானா எதிரில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் பேசவில்லை. நானாவின் தங்கை றமீஸா சஹன் என்கிற பெரிய தட்டில் சோறு கொண்டுவந்து நடுவில் வைத்தார். நானா என்னைப் பார்த்தார். நான் கசட்டை அமத்தினேன்.

ட்ரம் இடித்தது. தாத்தா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"அல்லாவே! இது இங்கயும் வந்திட்டா?"

நானாவின் முகம் செத்துப்போனது. புழுத்த மிளகை அவர் தலையில் கட்டிவிட்ட வியாபாரியைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன்? ஐந்தாவதை எடுங்கள் என்று சொன்னேனா இல்லையா? நிறுத்திவிடலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் றமீஸா உஷ் என்றார்.

தாத்தா தூங்கிவிட்டார். சோற்றில் ஒரு பிடிகூட வாயில் வைக்கவில்லை. கதிரையில் சாய்ந்து, வாய் இலேசாகத் திறந்து, அந்த இடிக்கு நடுவில் குழந்தை மாதிரி தூங்கினார். நானா அசையாமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் எந்த மிளகுச் சாக்குக்கு முன்னாலும் கண்டதில்லை. றமீஸா சோறு ஆறுகிறது, எழுப்பட்டுமா என்று சைகையில் கேட்டார். நானா வேண்டாம் என்று தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கசட்டின் முதல் பக்கம் முடிந்து 'டக்' என்று நின்றது. வீடு அமைதியானது. தாத்தாவின் புருவம் சுருங்கியது, தலை அசைந்தது.

மக்கீன் நானா சட்டைப்பையிலிருந்து குத்தூசியை உருவினார். மற்றக் கையில் சோற்றுக் கரண்டி. சஹனின் விளிம்பில் டக டக டக என்று, ஒரு தாளம் தப்பாமல் கொத்த ஆரம்பித்தார். கொத்திக்கொண்டே, கசட்டைத் திருப்பிப் போடு என்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.