‘நு’வுக்குப் பக்கத்தில் ஒரு கோடு

சென்ற வருடம் ஹட்டனில் எங்கள் கலை மன்றம் பாடசாலை நாடக விழா நடத்தியது. அதற்கு முதல் நாள் பின்னேரம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கும்.

மேடை ஏறும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்த கையோடு, ஒவ்வொரு பாடசாலைக்கும் தனித்தனி அனுமதிக் கடிதம் கொடுக்க வேண்டும். மன்றத்தில் பிரிண்டர் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடையில்தான் அடிக்க வேண்டும். எக்செல்லில் செய்த கடிதங்களை அப்படியே அனுப்பினால் கடைக் கணினியில் எங்கள் தமிழ் கட்டம் கட்டமாக உடைந்துவிடும், பி.டி.எஃப். என்றால்தான் தப்பும். முந்தைய விழாவில் ஒவ்வொன்றாக மாற்றிச் சேமித்து, பிறகு எங்கே சேமித்தேன் என்று தேடியே என் பொறுமை போய்விட்டது.

அதனால் இந்த முறை வீடியோ பார்த்து, எக்செல்லே அந்த வேலையைத் தானாகச் செய்ய ஒரு மேக்ரோ எழுதியிருந்தேன். ஒரு பட்டன். அமுக்கினால் எல்லாக் கடிதமும் அந்தந்தப் பாடசாலைப் பெயரில் பி.டி.எஃப். ஆகும், அவை இருக்கும் ஃபோல்டரும் தானாகத் திறக்கும். மாதிரிக்கு ‘அ பாடசாலை’, ‘ஆ பாடசாலை’ என்று போட்டுப் பார்த்தேன். ஃபோல்டர் கண்முன்னே விரிந்ததும் கதிரையை விட்டு எழும்பிக் குதித்துவிட்டேன்.

அன்று நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் சேர் ஒருவர் கடிதத்துக்காக நேரிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் தோட்டத்தில் சிக்னல் இல்லை.

“கடிதம் கையில இல்லாட்டி எங்க ஸ்கூல் அதிபர் புள்ளைங்கள விட மாட்டாரு மிஸ். ரெண்டு மாசமா பழகியிருக்காங்க. கடைசி பஸ் வேற போயிரும்.”

“கவலப்படாதீங்க சேர், ஒரே பட்டன்தான்” என்று பெருமையாக அமுக்கினேன். ஃபோல்டர் திறந்தது. உள்ளே ஒரேயொரு கடிதம், அதுவும் தலவாக்கலைப் பாடசாலையுடையது.

மன்றச் செயலாளர் அக்கா எட்டிப் பார்த்து, “ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணு” என்றார்.

மறுபடி அமுக்கினேன். அதே ஒன்று. பிழை வந்தாலும் நிற்காமல் அடுத்ததுக்குப் போ என்று மேக்ரோவில் நான்தான் ஒரு வரி சேர்த்திருந்தேன். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டு, வாயே திறக்காமல் போயிருக்கிறது. சேர் மணிக்கூட்டைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

“தலவாக்கலைக்கு மட்டும் அப்புடி என்ன ராசி?” என்று புலம்பினேன்.

“நேத்து போன்ல சத்தம் போட்டியே, அந்த ஸ்கூல்தானே?” என்றார் அக்கா.

ஆமாம், சத்தம் போட்டேன். நுவரெலியா மாவட்டப் பாடசாலை என்றால் பெயருக்கு முன்னால் ‘நு/’ என்று எழுதுவோம் இல்லையா, அதை எழுதாமல் பெயர் அனுப்பியிருந்தார்கள். “சொந்த ஸ்கூல் பேரையே முழுசா எழுத மாட்டீங்களா?” என்று கேட்டேன். ஆனால் திருத்த மறந்துவிட்டேன்.

சட்டென்று உறைத்தது. கணினிக்கு அந்தச் சாய்ந்த கோடு என்றால் ‘உள்ளே போ’ என்று அர்த்தம். ஒவ்வொரு கடிதத்துக்கும் அது ‘நு’ என்ற ஃபோல்டரைத் தேடிப் போய், அப்படி ஒன்று இல்லாததால் சும்மா திரும்பியிருக்கிறது. கோடு இல்லாத பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது.

சாய்ந்த கோட்டைப் படுக்கைக் கோடாக மாற்று என்று மேக்ரோவில் ஒரு வரி சேர்த்தேன். பட்டனை அமுக்கினேன். ஃபோல்டர் திறந்தது. கடிதம் கடிதமாக, எங்கள் மாவட்டமே வந்து வரிசையில் நின்றது. சந்தோசத்தில் அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

சேருடைய கடிதத்தைக் கடைக்கு வாட்ஸப்பில் தட்டிவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் அவர் பின்னாலேயே ஓடினேன். கடைக்கார நானா கடிதத்தை அடித்துக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. சேர் பாய்ந்து மிதிபலகையில் ஏறி, கடிதத்தைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு கை காட்டினார்.

மறுநாள் அவருடைய பிள்ளைகள் மேடை ஏறினார்கள். இறங்கியதும் சேர் அவர்களிடம், “இவங்கதான் பட்டன் மிஸ்” என்று என்னைக் காட்டினார். அந்தப் பெயர் இன்னும் போகவில்லை.

முதலாம் வகுப்புக் கொப்பியிலிருந்து ‘நு’வுக்குப் பக்கத்தில் நான் யோசிக்காமலே போட்டு வரும் கோடு அது. இன்றைக்கும் எந்த வேலை சிக்கினாலும், புதிதாக என்ன பிழை விட்டேன் என்று தேடுவதற்கு முன்னால், எது எனக்கு ரொம்பப் பழகிப்போனதோ அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.