ஆறாம் வீட்டுச் சின்னவள்

காலைக் காப்பிப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் விசாலாக்ஷி சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பூட்டிக் கிடக்கும் வீடுகளில் குழாய் மூடியிருக்கிறதா என்று பார்க்கக் கிளம்புவாள். ஒவ்வொரு பூட்டாகத் திறந்து உள்ளே போய், சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய், பின்கட்டுக் குழாய் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கித் திருகிவிட்டு, மறுபடியும் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவாள்.

மந்தைவெளியில் அந்த எட்டு வீட்டு ஃப்ளாட்ஸ் எழும்பி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எழுபத்தைந்தாம் வருஷத்துக் கோடை. குழாயைத் திருகுவார்கள், காற்று வரும். திறந்தது திறந்தபடியே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆபீசுக்கோ ஊருக்கோ போய்விடுவார்கள். நடுப்பகலில் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறியதும், அந்த ஒற்றைக் குழாய் எட்டு வீட்டுத் தண்ணீரையும் சாக்கடைக்கு அனுப்பிவிடும். இப்படி நடந்து, மாடிப்படியில் நின்று எல்லாரும் எல்லாரையும் திட்டித் தீர்த்த பிறகு அசோசியேஷன் கூடி முடிவு செய்தது. யார் வெளியூர் போனாலும் ஒரு சாவியை ஒன்றாம் நம்பர் விசாலாக்ஷி மாமியிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஏன் அவளிடம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பகல் முழுக்க வீட்டில் இருப்பவள். குழந்தை குட்டி என்று இழுபறி இல்லாதவள்.

குழந்தை இருந்தது. கௌரி என்று பெயர். ஒன்பது வயசில் டைஃபாய்டில் போனாள். சித்திரக்குளம் பக்கம் குடியிருந்தபோது நடந்தது. பாவாடை சட்டைகளை அந்த வருஷமே யார் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. படம் மாட்டவில்லை. பெயரை எடுத்தால் கணவர் குஞ்சிதபாதம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைத்து முடிக்கவே மாட்டார். அதனால் அவள் எடுப்பதில்லை. மற்றபடி அவர்கள் வீட்டில் ஒரு குறையும் கிடையாது. சாம்பாரில் உப்பு சரியாக இருக்கும்.

ஆறாம் நம்பர், தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருந்த சுயம்புலிங்கத்தின் வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அவர் மனைவி தங்கம் சாவி கொடுக்க வந்தவள், கொடுத்துவிட்டுப் போகாமல் விசாலாக்ஷியை மாடிக்கு அழைத்துப் போனாள்.

"குழாயெல்லாம் நானே மூடிட்டேன் மாமி. இது வேற காரியம்."

கூடத்தில் தேக்குப் பலகை ஊஞ்சல். அதைத் தாண்டி ஒரு சின்ன அறை. அங்கே கட்டில், பீரோ எதுவும் இல்லை. மனை போட்டு அதன்மேல் ஓர் ஓலைப்பெட்டி. தங்கம் மூடியைத் திறந்து காட்டினாள். சிவப்புப் பட்டுப் பாவாடை, மடிப்புக் கலையாமல். கண்ணாடி வளையல். ஒரு சாந்துச் சிமிழ்.

"எங்க வீட்டுக்காரர் கூடப் பிறந்தவ. இசக்கியம்மான்னு பேரு. பத்து வயசுல அம்மை போட்டுப் போய்ட்டா. நாங்க சின்னவன்னு சொல்லுவோம். கல்யாணம் ஆகாமப் போன பிள்ளைய நாங்க வெளிய விடமாட்டோம் மாமி. வீட்டுலயே வச்சிக்கிடுவோம். வருஷா வருஷம் புதுப் பாவாடை எடுத்து வைப்போம். வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு, ஒரு செம்புல தண்ணி. வேற ஒண்ணும் கேக்கமாட்டா."

"எங்காத்துல இதெல்லாம் வழக்கமில்லையேடி, தங்கம்."

"வழக்கம் எங்களோடது. ஒங்க கைய மட்டும் குடுங்க. நாங்க ஊர்ல கோயில் கொடைத் திருவிழா முடிச்சிட்டுத் திரும்ப எப்படியும் ஒரு மாசத்துக்கு மேல ஆகிரும். அதுவரைக்கும் அவ இருட்டுல கெடக்கணுமா?"

"ஊருக்குக் கையோட எடுத்துண்டு போயேன்."

"அடிக்கடி தூக்கிட்டு அலையக் கூடாது மாமி. இங்கேருந்து ஒரே நடை, நாங்க புதுசா கட்டுற கே.கே. நகர் வீட்டுக்குத்தான். அங்க பூச்சு வேலை மட்டும் பாக்கி. ஆவணியில எம்மக மீனாட்சிக்கு அந்த வீட்டுலதான் கல்யாணம். சின்னவ முன்னால போய் உக்காந்தாத்தான் பந்தக்கால் நடுவோம். அவ வரலைன்னா வீடும் இல்ல, கல்யாணமும் இல்ல."

ஊஞ்சலுக்கு விலை பேசுகிறவள்போல, சாதாரணமாகத்தான் சொன்னாள். விசாலாக்ஷி பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாடையின் இடுப்புச் சுற்றளவைக் கண்ணாலேயே அளந்துவிட்டது மனசு. ஒன்பது வயசுக்கும் சரியாக இருக்கும்.

முதல் வெள்ளிக்கிழமை அவள் மடிசார் நனையாமல் பார்த்துச் செம்பில் தண்ணீர் வைத்து, விளக்கை ஏற்றி, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள். மனசுக்குள் ஏதோ ஒரு சுலோகம் சொல்லிக்கொண்டாள். அடுத்த வெள்ளி போனபோது செம்பில் பாதித் தண்ணீர் இல்லை. கத்திரி வெயில், மொட்டைமாடி நேர் மேலே. வற்றாமல் என்ன செய்யும்? நிரப்பினாள். மறுநாள் குழாய் பார்க்கப் போனவள், போன கையோடு அந்த அறைக் கதவையும் திறந்தாள். அதற்கு மறுநாளும் திறந்தாள்.

அறையில் பயம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு விநோதமாக இருந்தது. குழந்தை தூங்குகிற அறைக்குள் நுழைந்தால் காலடி தானாக மெத்தென்று ஆகுமே, அப்படி ஆயிற்று.

கொஞ்ச நாளில், சாப்பாட்டுக் கடை முடிந்து குஞ்சிதபாதத்தின் துறைமுக ஆபீஸ் டிபன்பாக்ஸையும் அனுப்பியானதும், மத்தியானங்களில் மேலே போய் ஊஞ்சலில் உட்கார ஆரம்பித்தாள். சின்ன அறைக் கதவு திறந்திருக்கும். பூத்தொடுப்பாள். அரிசியில் கல் பொறுக்குவாள். பொறுக்கிக்கொண்டே பேசுவாள். கத்திரிக்காய் விற்கிற விலை, எதிர்வீட்டு மருமகளின் வாய், இந்த மாதிரி. பதில் வராது. பதில் வராத பேச்சு அவளுக்குப் பழக்கம்தான்.

காவலாளி கபாலி மோட்டார் ரூம் வாசலில் நின்று கேட்டான்.

"இன்னா மாமி, டெய்லி ஆறாம் நம்பருக்குப் போய்க்கினே கீறே? அங்க இன்னா கீது?"

"குழாய் பார்க்கணும்டா."

"கொயாய்ல தண்ணியே இல்ல. காத்த மூடறதுக்கா மாடி ஏறி எறங்கறே?"

"உனக்கென்ன, நீயா ஏறறே? போய் மோட்டாரைப் பாரு."

ஒரு நாள் அசோசியேஷன் செயலாளர் ஸ்ரீனிவாசராகவன் அவளை மாடிப்படியிலேயே மடக்கினார். மராமத்து இலாகாவில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறாம் நம்பருக்கு நேர் கீழே, இரண்டாம் நம்பரில் குடியிருந்தார்.

"ஏன் மாமி, மேல யாரு ஊஞ்சல் ஆடறா? மனுஷன் மத்தியானம் செத்த கண்ணசர வேண்டாமா? கொக்கி க்ரீச் க்ரீச்சுன்னு என் தலையிலயே அறையறது."

"நான்தான். மாடி ஏறினதுல படபடன்னு வந்தது. உட்கார்ந்தேன்."

"சாவி குழாயைப் பார்க்கத்தான் கொடுத்தது. ஊஞ்சலாடறதுக்கு நாம தீர்மானம் போடலை. நீங்களாச்சேன்னு பார்க்கறேன். முந்தாநாள் ஆடினேள், சரி. நேத்திக்கும் சாயங்காலம் வரைக்கும் ஆடினா என்ன அர்த்தம்?"

விசாலாக்ஷி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நேற்று அவள் வீட்டிலேயே இல்லை. வடபழனியில் குஞ்சிதபாதத்தின் ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணம். சாவிக் கொத்து முழுநாளும் அவள் இடுப்பில் இருந்தது.

"நான்தான்," என்றாள் மறுபடியும். "இனிமே ஆடலை."

"இன்னொரு தரம் சத்தம் கேட்டா கொத்தை நான் வாங்கி வெச்சுண்டுடுவேன். சொல்லிட்டேன்."

அவர் உள்ளே போனதும் கீழ்ப்படியில் துடைப்பத்தோடு நின்ற கபாலி மெதுவாக வந்தான். குரல் இறங்கியிருந்தது.

"மாமி, நேத்து நீ வடபயனி கண்ணாலத்துக்கு இல்ல போனே? நான்தானே ரிக்சா இட்டாந்தேன்."

"வாயை மூடிண்டு பெருக்குடா."

அவன் பெருக்கினான். அதற்குப் பிறகு அவன் ஆறாம் நம்பர் வாசல்வரை துடைப்பத்தைக் கொண்டுபோவதில்லை. அங்கே மட்டும் வேப்பஞ்சருகு சேர்ந்தது.

விசாலாக்ஷி நேரே மேலே போனாள். ஊஞ்சல் அசையாமல் இருந்தது. பலகையைத் தொட்டுப் பார்த்தாள். வெயில் படாத அந்த மூலையில் பலகை வெதுவெதுப்பாக இருந்தது. கோபம் வந்தது அவளுக்கு. பயமில்லை, கோபம். சின்ன அறை வாசலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கீழாத்து மாமா தூங்கற நேரத்துல ஆடக்கூடாதுன்னு தெரியவேண்டாமா? சாவியைப் பிடுங்கிண்டுட்டா அப்புறம் நான் எப்படி வருவேன்? சொன்ன பேச்சைக் கேளுடி, கௌரி."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. எத்தனையோ வருஷமாக வாய்க்குள்ளேயே கிடந்த பெயர், யாரையோ அதட்டுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டது. பிறகு செம்பை நிரப்பி வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

அன்றிலிருந்து ஊஞ்சல் சத்தம் நின்றுவிட்டது. "பேஷ், கொக்கிக்கு எண்ணெய் போட்டேளாக்கும்," என்றார் ஸ்ரீனிவாசராகவன். ஆமாம் என்றாள். எண்ணெய் போடவில்லை. சொன்னதைக் கேட்கிற குழந்தை. கௌரியும் அப்படித்தான், ஒரு தரம் சொன்னால் போதும்.

அதற்கப்புறம் அவள் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. தயிர்சாதத்தில் மாவடு வைத்துக் கொண்டுபோனாள். வைத்தது வைத்தபடியே இருந்த சாதத்தை எடுத்து வந்து தானே சாப்பிட்டாள். ருசி இறங்கி, வெறும் பருக்கையாக இருந்தது. தங்கம் வருவதாகக் கடைப் பையன் மூலம் சொல்லியனுப்பிய அன்று, மாடிக்குப் போய் ஓலைப்பெட்டியின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். செம்பை நிரப்பி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கே.கே. நகரெல்லாம் ரொம்ப தூரம்டி. பஸ் மாறிப் போகணும். நீ இங்கேயே இருந்துடறியா?"

மறுநாள் செம்பு அடிவரை காய்ந்திருந்தது. "என்ன வெயில் அடிக்கறது பாருங்கோ," என்றாள் குஞ்சிதபாதத்திடம், அவர் எதுவும் கேட்காதபோதே.

தங்கம் வந்தாள். கொடைப் பிரசாதம் கொடுத்தாள். வீட்டைப் பம்பாயிலிருந்து மாற்றலாகி வரும் ஒரு பாங்க் அதிகாரிக்கு விற்றாகிவிட்டது. இரண்டு நடையில் சாமான்கள் போயின. ஊஞ்சல் பலகையைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். கடைசியாக ஓலைப்பெட்டி மட்டும் பாக்கி. தங்கம் கீழே வந்து விசாலாக்ஷியைக் கூப்பிட்டாள்.

"பூக்கட்டிக் கேட்டுட்டுத்தான் எடுக்கணும். வெள்ளை வந்தா வாரேங்கா, சிவப்பு வந்தா வரலைங்கா. வேத்து மனுஷி கை எடுத்தா நல்லது. இத்தனை நாள் விளக்கு வச்ச கை, நீங்களே எடுங்க."

வாழையிலைத் துண்டுகளில் ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் அரளி. ஒரே மாதிரி மடித்து, குலுக்கிப் பெட்டியின் முன்னால் போட்டாள் தங்கம். விசாலாக்ஷி ஒன்றை எடுத்தாள். தங்கம் பிரித்தாள். அரளி.

"சின்னவளுக்கு விளையாட்டு," என்று சிரித்தாள். மறுபடியும் கட்டினாள். மறுபடியும் அரளி.

படியில் சுயம்புலிங்கத்தின் செருமல் கேட்டது. "என்ன தங்கம், லாரிக்காரன் நிக்கான்."

"செத்த இருங்க."

இந்தத் தடவை தங்கமே எடுத்தாள். பிரிக்கும்போதே ஓரத்தில் சிவப்புத் தெரிந்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பெட்டியைப் பார்க்காமல் விசாலாக்ஷியைப் பார்த்தாள்.

"ஒங்ககிட்ட ஒட்டிக்கிட்டா மாமி. நான் குத்தம் சொல்லல. பிள்ளைன்னா அன்பு காட்டுற எடத்துக்குத்தான் போகும். ஆனா எனக்கு ஒரே மக. மாப்பிள்ளை வீட்டுல தேதி குறிச்சாச்சு. இவ வரலைன்னா எங்க வீட்டுக்காரர் பந்தக்கால் ஊணமாட்டாக, ஒரு அடி எறங்கமாட்டாக. ஒங்க காலப் புடிக்கேன். ஒங்க வாயால சொல்லி அனுப்புங்க."

"சீ, எழுந்திரு. காலையெல்லாம் தொடாதே."

விசாலாக்ஷி அறையைச் சுற்றிப் பார்த்தாள். நாளைக்கு பாங்க் அதிகாரி வருவார். இங்கே டிரங்குப் பெட்டிகளை அடுக்குவார். அவர் ஊருக்குப் போனால் மட்டுமே சாவி இவள் கைக்கு வரும்; அதுவும் குழாய் பார்க்க. யார் விளக்கு வைப்பது? டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவில், இருட்டில், இருக்கச் சொல்லிவிட்டுப் போனவள் வருவாள் என்று எத்தனை நாள் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும்?

குனிந்தாள். பெட்டியின் மூடியைக் கன்னத்தைத் தடவுவதுபோல் தடவினாள்.

"கௌரி, எழுந்துக்கோடி கண்ணா. அவாளோட போ. கல்யாண வீடு, நாலு குழந்தைகள் இருக்கும். நன்னா பார்த்துப்பா. அம்மா சொல்றேன், போ."

தங்கம் மறுபடியும் பூக்கட்டிப் போட்டாள். விசாலாக்ஷி எடுத்தாள். இலையைப் பிரித்ததும் நந்தியாவட்டை வெள்ளைவெளேரென்று உதிர்ந்தது.

தங்கத்தின் தொண்டையிலிருந்து குலவை கிளம்பிற்று. பாதியில் நின்றது.

"கௌரின்னா யாரு மாமி?"

விசாலாக்ஷி தரையில் கிடந்த இலைத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அரளியைத் தனியாக, நந்தியாவட்டையைத் தனியாக.

"எங்க சின்னவ பேரு இசக்கில்லா."

கீழே லாரி ஹாரன் அடித்தது. தங்கம் பெட்டியை எடுத்தாள். ஒரு பாவாடையும் நாலு வளையலும்தான் உள்ளே. ஆனாலும் இரண்டு கையாலும் தூக்கி, இடுப்பில் ஏற்றி, கொஞ்சம் சாய்ந்து நின்றாள்.

"மாமி, இப்ப எங்ககூட வாரது யாரு?"

விசாலாக்ஷி நிமிரவில்லை. தங்கம் வாசல் நிலையில் தலை இடித்துவிடாதபடி, தன் தலையை அல்ல, பெட்டிக்கு மேலே ஓர் இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, அறையைவிட்டு வெளியே போனாள்.