உலை சூடேறிய ஞாயிற்றுக்கிழமை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் நான் எலக்ட்ரீஷியன். மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் என் மனைவி செல்வி, கண்ணாடித் துண்டுகளை மின்சார உலையில் உருக்கித் தோடும் டாலரும் செய்கிறாள். ஆர்டர் குவியக் குவிய, தெருவில் என்னை "செல்வி ஊட்டுக்காரர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொள்வேன். உள்ளே எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உலை சூடேறவில்லை. மறுநாள் ஒரு கல்யாண வீட்டுக்கு அவள் தோடுகள் கொடுத்தாக வேண்டும். பிளக், பியூஸ், காயில் எல்லாவற்றையும் சோதித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

"அவ்ளோதான், இது தேறாது" என்றேன். அப்போது மனதுக்குள் பரவிய நிம்மதியை இன்றும் மறக்க முடியவில்லை.

செல்வி விடவில்லை. கதவு முழுதாக மூடினால்தான் அந்த உலை சூடாகும். டார்ச் அடித்துப் பார்த்தாள். கதவிடுக்கில் ஒரு கண்ணாடிச் சில்லு சிக்கியிருந்தது. அதை எடுத்துவிட்டு மூடியதும் உலை சூடேறத் தொடங்கியது.

சிரிப்போடு திரும்பியவள் என்னைப் பார்த்தாள். "இன்னாய்யா, மூஞ்சி தொங்கிப் போச்சு?"

மறைக்கத் தோன்றவில்லை. "பொறாமையா கீது செல்வி. இது ஓடக் கூடாதுன்னு நெனச்சேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மெல்லச் சொன்னாள்: "எனக்கும் இருந்துச்சுய்யா. இந்த உலை வர்றதுக்கு முன்னாடி, நீ டிபன் பாக்ஸ தூக்கிக்கினு வேலைக்குக் கெளம்பும்போதெல்லாம், வாசல்ல நின்னு வயிறெரிஞ்சிருக்கேன்."

என் பொறாமை இன்னும் முழுதாகப் போகவில்லை. அது தலைதூக்கும்போதெல்லாம், வாசலில் நின்ற அவள் முகத்தை நினைத்துப் பார்க்க முயல்கிறேன். நினைவுக்கு வருவதில்லை. நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததே இல்லை.