தலையை மட்டும் ஆட்டு

அன்று அப்பா தலையை ஆட்டியிருந்தால் நான் ஆசிரியை ஆகியிருப்பேன். வாயைத் திறந்து பொய் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை.

எங்கள் ஊர் ரிஷிவந்தியத்துக்கும் மணலூர்பேட்டைக்கும் நடுவில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்த்தெருவில் இருப்பவர்களும் கிறிஸ்தவர்கள், எங்கள் காலனியில் இருப்பவர்களும் கிறிஸ்தவர்கள். ஒரே மாதா கோயில், ஒரே சாமியார், ஒரே பூசை. ஆனால் ஊர்த்தெருக்காரர்கள் கோயிலின் நடுவில் உட்காருவார்கள், நாங்கள் பக்கத்துச் சிறகில் உட்காருவோம். கல்லறைத் தோட்டத்திலும் குறுக்கே ஒரு சுவர் உண்டு. சின்ன வயதில் அந்தச் சுவரை யார் கட்டியது, ஏன் கட்டியது என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. நான் பிறக்கும்போதே இருந்த புளியமரம் மாதிரி அதுவும் இருந்தது.

அப்பா கரும்பு வெட்டப் போவார். அவருடைய செட்டில் பத்துப் பன்னிரண்டு பேர். அப்பாவைத் தவிர எல்லாரும் பக்கத்து ஊர் இந்துக்கள். வடக்கனந்தல் பக்கம் வெட்டு என்றால் அங்கேயே கொட்டகை போட்டுத் தங்கிவிட்டு வாரத்துக்கு ஒரு தடவை வருவார்கள். எத்தனை தூரத்தில் வெட்டு நடந்தாலும் சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அப்பா வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, பக்கத்துச் சிறகில் தூணோரமாக முழங்காலில் நிற்பார். தவக்காலம் நாற்பது நாளும் பீடியைத் தொட மாட்டார். மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து புகைவிட்டு, "ஒண்ணே ஒண்ணு இழு, உங்க சாமி இன்னா கரும்புத் தோட்டத்துக்குள்ளயா எட்டிப் பாக்கப் போறாரு?" என்று சீண்டுவார்களாம். அதை அப்பாவே வீட்டில் சொல்லிச் சிரிப்பார். காலனியில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் போய் உட்கார்ந்திருப்பார். சத்தம் போட்டு ஜெபம் பண்ண அவருக்குத் தெரியாது. தண்ணீர் மொண்டு வைப்பார், காலைப் பிடித்துவிடுவார், எழுந்து வந்துவிடுவார்.

காலனிப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருக்கும். ஞானஸ்நானத்தில் வைத்தது ஒன்று, பள்ளிக்கூடத்தில் எழுதியது ஒன்று. கிறிஸ்தவர் என்று எழுதினால் ஆதிதிராவிடர் என்று சான்றிதழ் தர மாட்டார்கள், பிற்பட்டோர் என்றுதான் தருவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் தலைமையாசிரியரே எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் 'இந்து' என்று போட்டுவிடுவார். எனக்கும் அப்படித்தான் போட்டிருந்தார். எழுத்துக் கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த அப்பாவுக்கு அது தெரியாது.

பிளஸ் டூ தேறியதும் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டேன். எங்கள் காலனியில் அதுவரை தேறிய பெண் யாரும் இல்லை. பிற்பட்டோர் பட்டியலில் என் மார்க்குக்கு இடம் கிடைக்காது, ஆதிதிராவிடர் பட்டியலில் நிச்சயம் கிடைக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். சாதிச் சான்றிதழுக்காக அப்பாவும் நானும் வி.ஏ.ஓ.வைப் பார்க்கப் போனோம்.

வி.ஏ.ஓ. நல்ல மனுஷன். எங்களை நிற்க வைத்தாலும் மரியாதையாகத்தான் பேசினார். பெயர், தகப்பன் பெயர் எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவர், தலையை நிமிர்த்தாமல், "மதம் இந்து. சரிதானப்பா?" என்றார்.

அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். "இல்லீங்கையா. நாங்க வேதக்காரங்க."

பேனா நின்றது. "அது எனக்குத் தெரியாதா? ஸ்கூல் ரிக்கார்டுல இந்துன்னுதான் இருக்குது. ஒங்க தெருவுல எல்லாருக்கும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன். நீ ஒண்ணும் பேச வேணாம். நான் கேக்கறேன், நீ தலைய மட்டும் ஆட்டு."

மறுபடியும் கேட்டார். நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெயிலில் கறுத்துச் சுருங்கிய அவருடைய பிடரியும், அதில் கிடந்த, மாதா படம் கோத்த உத்தரியக் கயிறும் எனக்குத் தெரிந்தன. அந்தப் பிடரி அசையுமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அசையவில்லை.

"பொண்ணு மூஞ்சியப் பாருய்யா," என்றார் வி.ஏ.ஓ.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "ஞாயித்துக்கெழம நான் எங்க போறேன்னு ஊரே பாக்குதுங்கையா. எப்படிங்க இல்லன்னு சொல்றது?"

வீட்டுக்கு வரும் வழியில் நான் அவரோடு சேர்ந்து நடக்கவில்லை, பத்தடி பின்னால் வந்தேன். அவர் இரண்டு தடவை நின்று பார்த்தார். நானும் நின்றுகொண்டேன். நடந்ததைக் கேட்டதும் அம்மா அடுப்பில் இருந்த சோற்றைக் கவனிக்காமல் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"தெருவுல ஒருத்தரும் செய்யாததயா ஒன்ன செய்யச் சொன்னாங்க?"

அப்பா சுவரைப் பார்த்தபடி சொன்னார். "பஞ்சத்துல சாமியாருங்க குடுத்த கோதுமைக்காக எங்கப்பன் வேதத்துல சேந்தாருன்னு இன்னிக்கும் பேசறாங்க. கோதுமைக்கு வந்தவங்க, இப்ப சீட்டுக்குப் போயிட்டாங்கன்னு பேசணுமா?"

அம்மா சாமியாரிடம் போய் அழுதாள். அவர் எங்கள் வீட்டுக்கே வந்து, "காகிதத்துல இருக்கறது வேற, மனசுல இருக்கறது வேறப்பா. கடவுள் மனசத்தான் பாக்கறாரு," என்றார். அப்பா கைகட்டி நின்று, "சரிங்க சாமி," என்றார். ஆனால் வி.ஏ.ஓ.விடம் போகவில்லை. எனக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த வருஷம் எங்கள் தெருவிலிருந்து பக்கத்து வீட்டுப் பையன் ஐ.டி.ஐ.க்குப் போனான். அவன் புது பேண்ட் போட்டுக்கொண்டு பஸ் ஏறியதைப் பார்த்துவிட்டு நான் உள்ளே வந்து படுத்துக்கொண்டேன்.

கல்வராயன் மலையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு விடுதியில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று சாமியார் சொல்லி அனுப்பினார். அப்பா முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம் என்பதற்காகவே நான் போனேன். மலைப் பிள்ளைகள் நாற்பது பேர் அங்கே தங்கிப் படித்தார்கள். விடியும் முன் எழுந்து கஞ்சி வைப்பேன். சாயங்காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பேன். சிஸ்டர்களோடு ஜெபத்துக்கும் போவேன். வாய் சொல்லும், மனசு வராது. எனக்கு அந்த ஆண்டவர்மேலேயே கோபம். ஒரு தலையாட்டலைப் பொறுத்துக்கொள்ள முடியாதவரா அவர் என்று நினைப்பேன். லீவுக்கு ஊருக்குப் போனாலும் அப்பா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவேன்.

மூன்றாவது வருஷம், மழை விட்டிருந்த ஒரு நாளில் அப்பா மலைக்கு வந்தார். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறியவர் வளைவுகளில் வாந்தி எடுத்து, வெளுத்துப்போய் வந்து சேர்ந்தார். பையில் அவித்த வேர்க்கடலை கொண்டுவந்திருந்தார். நான் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதை முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டீச்சராத்தானம்மா இருக்கற," என்றார், பிள்ளைகள் போன பிறகு.

"எம் பேருக்கு நேரா சமையல்னுதான் எழுதியிருக்குது," என்றேன்.

அவர் கடலை ஒன்றை உடைத்து, தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அன்னிக்கு கோதுமை அது இதுன்னு பேசிட்டேன். அது ரோஷம். நெசம் அது இல்லம்மா. ஒன் தம்பி செத்தது ஒனக்கு ஞாபகம் இருக்குதா?"

லேசாக ஞாபகம் இருந்தது. எனக்கு அப்போது ஐந்து வயது. தம்பிக்கு வயிற்றுப்போக்கு. பஸ் எதுவும் கிடைக்காமல் அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார் என்பது மட்டும் தெரியும்.

"பாதி வழியிலயே புள்ள அடங்கிட்டான். அப்பறம் திரும்பி வூட்டுக்கு நடக்கணும். ரோட்டுல எத்தினியோ பேரு போய்க்கினு இருந்தாங்க, யாருகிட்டயும் எனக்குச் சொல்ல வாய் வரல. அவ்ளோ தூரமும் எங்கூட ஒருத்தரு வந்தாரும்மா. பேசல, ஒண்ணும் பண்ணல. வந்தாரு. அது எனக்குத் தெரியும். அவர எனக்குத் தெரியாதுன்னு அந்த ஆபீசுல எப்படி தலையாட்டறது?"

நான் பாத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஆனா ஒண்ணு தப்புப் பண்ணிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன். போனது ஒன் படிப்பு. ஒன்னய ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்காம நானே முடிவு பண்ணிட்டேன். மன்னிச்சிரும்மா."

எங்கள் பக்கத்தில் எந்த அப்பனும் மகளிடம் அப்படிக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. பரவாயில்லப்பா என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. மூன்று வருஷக் கோபம் அவ்வளவு சுலபத்தில் வழிவிடவில்லை.

"கடைசி பஸ் போயிரும்ப்பா," என்றேன்.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து, வாந்தி வந்தால் வாயில் போட எலுமிச்சம்பழம் ஒன்று கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அடுத்த தவக்காலத்தில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் கைமருந்து, அப்புறம் ஆஸ்பத்திரி. என்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று எனக்குச் சொல்லவிடவில்லையாம். மலைக்குச் செய்தி வந்து நான் இறங்கிப் போய்ச் சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டி, கையில் ஜெபமாலையைச் சுற்றி வைத்திருந்தார்கள்.

கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த சாமியார் இளவயசுக்காரர். ஊர்த்தெரு வழியாகவே கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டு, பெரியவர்களிடம் கேட்கப் போனார். திரும்பி வந்தவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாதான் அவரைத் தேற்றினாள்.

"வேணாம் சாமி. வயக்காட்டு வழியாவே போலாம். அவரு தெனமும் வேலைக்குப் போன வழிதான்."

கிறிஸ்தவனுக்குத் தீண்டாமை கிடையாது என்று சொல்லித்தான் சர்க்கார் எனக்குச் சான்றிதழ் தரவில்லை. அதே கிறிஸ்தவனைக் கோயில் தெருவில் தூக்கிப்போக விடவில்லை. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாதா என்று யோசித்தேன். எல்லாம் தெரியும். தெரிந்தேதான் வாரம் தவறாமல் அந்தத் தூணோரம் முழங்காலில் நின்றார்.

வரப்பு வாய்க்கால் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. எங்கள் தெரு ஆண்கள் வழுக்கி வழுக்கி நடந்தார்கள். பாதித் தூரத்தில் பாடையை நிறுத்த வேண்டியதாயிற்று. கரும்புத் தோட்டத்துக்குள்ளிருந்து அப்பாவின் செட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வெட்டை நிறுத்திவிட்டு, கரும்புச் சோகை ஒட்டிய உடம்போடு வந்து, ஒன்றும் கேட்காமல் தோள் கொடுத்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் என் பக்கத்தில் நடந்தார்.

"மத்தியானம் மாதா கோயில் மணிச் சத்தம் கேட்டா ஒங்கப்பா அருவாள கீழ வெச்சிட்டு செத்த நேரம் சும்மா நிப்பாரும்மா. சத்தம் கேக்காத தூரத்துலயும் பொழுதப் பாத்து நிப்பாரு. நாங்க கிண்டல் பண்ணுவோம். அவரு படுத்ததுலருந்து அந்த நேரம் வந்தா எங்களுக்கும் கை ஓடல. நின்னுர்றோம். இன்னா சொல்லணும்னுதான் தெரியல."

சுவருக்கு இந்தப் பக்கம் அவரைப் புதைத்தோம். எல்லாரும் சேர்ந்து பரலோக மந்திரம் சொன்னோம். எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல என்ற இடம் வந்ததும் என் வாய் நின்றுபோயிற்று. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே சொல்லிக்கொண்டு போனாள். ஊர்த்தெருவைப் பார்த்துத்தான் நான் நின்றேன் என்று அவள் நினைத்திருக்கலாம். நான் மலையில் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லை நினைத்து நின்றேன்.

அம்மா அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தாள். நான் மலைக்கே திரும்பினேன், இன்னும் இங்கேதான் இருக்கிறேன். என் கோபம் எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் கஞ்சி கிண்டும்போது ஜெபம் தானாக வந்தது, வாயில் மட்டும் அல்லாமல். யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. பேசவில்லை, ஒன்றும் பண்ணவில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டியதை அவரிடம் சொன்னேன். போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் அது அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னது ஆகாது.

காலை ஜெபத்தில் பிள்ளைகள் வேகமாகச் சொல்லுவார்கள், கஞ்சி ஆறிவிடும் என்ற அவசரம். மன்னிப்பு வருகிற அந்த வரியில் எனக்கு இப்போதும் குரல் பின்தங்கிவிடும். அவர்கள் எனக்காக நிற்பதில்லை. முடிப்பதற்குள் எப்படியாவது போய்ச் சேர்ந்துகொள்கிறேன்.