உப்பில் பாதியைக் காணோம்

செவ்வாய், காலை 11.20. பிள்ளையார்பாளையத்து மாடியில் காற்றுத் தூசி பிடித்த வடிகட்டித் தாள்கள் ஏழு. ஏழிலும் உப்பின் ஒரு பாதியான சோடியம் இருக்கிறது, மறுபாதியான குளோரைடைக் காணோம்.

இது கடல் உப்பு என்றதும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் என் மேலதிகாரி சிரித்தார்.

"காஞ்சிபுரத்துல ஏதுய்யா கடலு? இது பட்டு அவிக்கப் போடுற சோடா. சாயப்பட்டறைக்கு நோட்டீஸ்னு எழுது."

கடல் உப்பு காற்றோடு இவ்வளவு தூரம் வரும் சார் என்றேன். வழியில் வண்டிப் புகையால் உண்டாகும் நைட்ரிக் அமிலம் அதிலுள்ள குளோரினை வாயுவாக விரட்டிவிட்டு, நைட்ரேட்டாக உட்கார்ந்துகொள்ளும். சோடா என்றால் தாளில் இவ்வளவு நைட்ரேட் எப்படி வந்தது?

"லெக்சர் அடிக்காத. எழுது."

கருவி வைக்க மாடி தந்ததே சாயப்பட்டறை மணி அண்ணன்தான். நோட்டீஸ் வரப்போகிறது என்று போய்ச் சொன்னேன்.

"மாடியும் குடுத்து, கரண்டும் குடுத்தேன். நோட்டீஸும் எனக்கேவாப்பா?"



இனி செய்யப்போவது:

1. நைட்ரேட் அளவைச் சேர்க்காத அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன்.
2. பக்கத்தில் சாயப்பட்டறையே இல்லாத மாடியாகப் பார்த்து, ஊருக்கு வெளியே கூரம் கிராமத்தில் கருவி வைத்து, அங்கேயும் இதே உப்பு விழுகிறதா என்று பார்ப்பேன்.
3. அதற்கு மாடி வேண்டும். கூரத்துக்காரர்கள் யாராவது தருவீர்களா? நோட்டீஸ் வராது என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.